கட்டிப்போட்டு எண்ணிய நாடி

பிரஷர் 178 என்று நர்ஸ் சொன்னதும் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்குமே, அந்தப் பார்வை. அன்று காலை வீட்டில், அதே இடது கையில், நானே பட்டையைச் சுற்றிப் பார்த்தபோது 132. இடையில் என்ன நடந்தது? கோச்சடையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தோம். டோக்கன் வாங்கினோம். ஒன்றேகால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு பெரியவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மீனாட்சியைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். "வீட்ல பாக்குறதெல்லாம் கணக்குல வராது சார், அந்த மெஷினெல்லாம் சரியா காட்டாது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் சீட்டில் 178-ஐ எழுதினார். அடுத்த மாதம் வீட்டு மெஷினையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே கட்டிப் பார்த்தால் இரண்டு மெஷினும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டின. மெஷினில் கோளாறு இல்லை. அங்கே போனால் அம்மாவுக்கு ஏறுகிறது, வீட்டுக்கு வந்தால் இறங்குகிறது. மூன்று மாதம் இதே கதை. இரண்டில் எதுதான் அம்மாவுடைய எண் என்ற கேள்வி செருப்புக்குள் போன நெருஞ்சி முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த முள்ளோடு நான் நடந்து போய்ச் சேர்ந்த இடம், சொன்னால் சிரிப்பீர்கள், அண்டார்க்டிகா. வழிகாட்டியது என் மகள். ஐந்தாம் வகுப்பு, கடல் விலங்குகள் பற்றி ஒரு சார்ட் ஒட்ட வேண்டும். "சீல் எப்படிப்பா ஒரு மணி நேரம் மூச்சு விடாம தண்ணிக்குள்ள இருக்கு?" என்றாள். அப்பாக்களுக்கே உரிய தைரியத்தோடு, "அதுக்குப் பெரிய நுரையீரல் பாப்பா, நெறைய காத்தை உள்ள இழுத்து வச்சுக்கும்" என்றேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, "எந்தக் கடைக்குய்யா சீல் வச்சாங்க?" என்றாள். கடல்நாய் என்று விளக்கிச் சொன்னேன். "நாய்னு சொல்லிட்டுப் போ" என்றாள். இரவு ஒரு சந்தேகம் வந்து படித்துப் பார்த்தால், மகளிடம் சொன்னது சுத்தத் தப்பு. சீல் முங்குவதற்கு முன்னால் காற்றை உள்ளே இழுப்பதில்லை, வெளியே விட்டுவிட்டுத்தான் இறங்குகிறது.

படித்தவுடன் நினைவுக்கு வந்தவர் என் மாமா. அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் அம்மா ஊரில் கிணற்றில் குடமோ வாளியோ விழுந்தால் முதலில் பாதாளக் கரண்டியைப் போட்டுத் துழாவுவார்கள். அதில் சிக்கவில்லை என்றால் மாமாவைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். வேட்டியை அவிழ்த்துப் படியில் வைத்துவிட்டு, கோவணத்தோடு நின்று, சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டு இறங்குவார். நாங்கள் பொடியன்கள் கன்னம் உப்ப, நெஞ்சு வெடிக்கக் காற்றை நிரப்பிக்கொண்டு குதித்தால் திட்டுவார். "வயிறு முட்டக் காத்தை இழுத்தா நெட்டி மாதிரி மெதந்துக்கிட்டுத்தான் கெடப்ப. அடி மண்ணு எப்படிரா எடுப்ப?" சீலுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், நுரையீரலில் இருக்கும் காற்று ஆழத்து அழுத்தத்தில் ரத்தத்துக்குள் கரைவது. அப்படிக் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் குமிழாகப் பொங்கும். ஆழ்கடல் முக்குளிப்பவர்களை முடக்கிப்போடுவது அதுதான். சீல் சில பத்து மீட்டர் இறங்குவதற்குள் அதன் நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. அதற்கப்புறம் நுரையீரல் வெறும் மடித்து வைத்த பைதான்.

அப்படியானால் உயிரைப் பிடித்து வைக்கும் ஆக்ஸிஜனை எங்கே வைத்திருக்கிறது?

சிறுவாடும் சொந்தக் கிணறும்

ரத்தத்தில். நம் உடல் எடையில் ரத்தம் சுமார் 7 சதவீதம். யானைச் சீல் என்று ஒரு வகை, ஆணுக்குத் தும்பிக்கை மாதிரி மூக்கு தொங்கும், அதற்கு உடல் எடையில் ஏறத்தாழ 20 சதவீதம் ரத்தம். அந்த ரத்தமும் நம்முடையதைப் போலத் தண்ணியாக இல்லை. நமக்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு பாதிக்கும் கொஞ்சம் குறைவு. அதற்கு முங்கும் நேரத்தில் 60 சதவீதம் வரை போகும். எந்நேரமும் அவ்வளவு கெட்டியான ரத்தத்தை உடம்பு முழுக்கத் தள்ளிக்கொண்டிருந்தால் இதயத்துக்குக் கட்டுப்படி ஆகாது, கூழைக் குழாயில் ஏற்றுகிற கதைதான். அதனால் அண்டார்க்டிகாவில் வாழும் வெட்டல் சீல் என்ற வகை, கரையில் கிடக்கும்போது சிவப்பணுக்களில் பெரும்பங்கைக் கொண்டுபோய் மண்ணீரலில் போட்டு வைத்துக்கொள்கிறது. முங்கியதும் மண்ணீரல் சுருங்கி அத்தனையையும் வெளியே விடுகிறது. நம் வீட்டுப் பெண்கள் அரிசிப் பானைக்குள் போட்டு வைக்கும் சிறுவாட்டுப் பணம் இப்படித்தான். இருப்பதே தெரியாது, ஆஸ்பத்திரிச் செலவு என்றால் மட்டும் கைக்கு வரும். இந்தோனேசியாவில் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி மீன் பிடிக்கும் பஜாவ் மக்களின் மண்ணீரல், பக்கத்தில் நிலத்தில் வாழும் இன்னொரு சமூகத்தாருடையதைவிடப் பாதி அளவுக்குப் பெரிதாக இருப்பதை 2018-இல் அளந்து சொன்னார்கள். மாமாவின் மண்ணீரலை யாரும் அளக்கவில்லை.

இரண்டாவது சேமிப்பு தசையில். ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் நம் தசையிலும் உண்டு, இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தருவது அதுதான். சீலின் தசையில் அது நமக்கு இருப்பதைப்போலப் பத்து மடங்கு அளவில் இருக்கிறது. கறியே ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும். இந்தச் சேமிப்பு ஏன் தேவை என்பது, ரத்த ஓட்டத்தை சீல் என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் விளங்கும்.

எங்கள் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் உண்டு. தண்ணீர் நிறைய இருக்கும்வரை அவரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கண்மாய் வற்றத் தொடங்கினால் அவர் வைத்ததுதான் சட்டம். எந்த மடையை அடைப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று அவர்தான் முடிவு செய்வார். சீல் தண்ணீருக்குள் தலையை விட்டதும் அதன் உடம்பில் நடப்பது இந்த மடை அடைப்பு. தோல், வயிறு, குடல், சிறுநீரகம், நீந்துகிற தசைகள் என்று ஒவ்வொன்றுக்கும் போகும் தமனிகள் இறுகுகின்றன. மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் வாய்க்கால் திறந்தே இருக்கும். தசைக்குக் கவலையில்லை, மடையை அடைத்தாலும் சொந்தக் கிணறு வைத்திருக்கும் சம்சாரி மாதிரி மயோகுளோபினை வைத்து ஓட்டிக்கொள்ளும். அதுவும் தீர்ந்தால் லாக்டிக் அமிலம் சேரும். அது தசைக்குள்ளேயே கிடக்கும், மேலே வந்து மடையைத் திறந்தபிறகுதான் ரத்தத்துக்கு வரும். கடனைக் கரையேறி அடைப்பது.

இத்தனை மடைகளை அடைத்த பிறகும் இதயம் பழைய வேகத்தில் இறைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? பிரஷர் எகிறிவிடும். அம்மாவால் எனக்கு இந்த இடம் சட்டென்று பிடிபட்டது. அதனால்தான் இதயம் வேகத்தைக் குறைக்கிறது. நிமிடத்துக்கு நூறை ஒட்டித் துடித்தது பத்துக்கும் கீழே போகும். சாம்பல் சீல்களில் 4 வரைக்கும், யானைச் சீல்களில் 3 வரைக்கும் எண்ணியிருக்கிறார்கள். இருபது விநாடிக்கு ஒரு துடிப்பு. ஆனால் அவ்வளவு அடைப்புக்கும் அவ்வளவு மெதுவுக்கும் நடுவில் ரத்த அழுத்தம் பெரிதாக மாறுவதில்லை. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே நேரத்தில் கை வைத்த மாதிரி.

இருபது விநாடிக்கு ஒரு தரம் அடித்தால் நடுவில் மூளைக்கு ரத்தம் நின்று நின்று போகாதா என்று எனக்கு ஒரு சந்தேகம். அதற்கு விடை சீலின் பெருந்தமனியில் இருக்கிறது. இதயத்தைவிட்டுக் கிளம்பும் இடத்தில் அது ஒரு குமிழ்போலப் புடைத்து, ரப்பர் மாதிரி விரிந்து கொடுக்கும். கமலை இறைத்ததை நான் பார்த்ததில்லை, அம்மா பார்த்திருக்கிறாள். மாடு பின்னால் நடந்து போய் முன்னால் வரும் நேரத்துக்கு ஒரு சால் தண்ணீர்தான் கொட்டும்; ஆனால் அது விழுவது தொட்டியில், தொட்டியிலிருந்து வாய்க்காலில் ஓடும் தண்ணீர் அறுந்து போகாது. அந்தக் குமிழ்தான் தொட்டி. துடிப்பின்போது விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த துடிப்புவரை மெல்லச் சுருங்கி விட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் ஒரு மிச்சம் நமக்குள்ளும் இருக்கிறது என்று படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. மே மாதம். வாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முகத்தை விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மதுரையில் மே மாதம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் முகத்தைவிட்டால் முகம் வேகுமே தவிர நாடி குறையாது. தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் படும் குளிர்ச்சியை ஒரு நரம்பு மூளைக்குச் சொல்ல, மூளை வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு பிரேக் போடும். ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ் முழுவதையும் கொட்டி மறுபடி முயன்றேன். மகள் எண்ணைப் படித்தாள். 82-இல் இருந்தது 64-க்கு வந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, ஆக்ஸிமீட்டரில் குதித்துக்கொண்டிருந்த பட்டை குட்டையாகிப்போனது. விரலுக்கு வரும் ரத்தம் குறைகிறது என்று அர்த்தம். கோச்சடையில் ஒரு குட்டி மடை அடைபட்டது. (இதயக் கோளாறு உள்ளவர்கள் இந்த விளையாட்டை விளையாட வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு இதயம் தறிகெட்டு ஓடும் ஒருவகைக் கோளாறில் டாக்டர்களே முகத்தில் ஐஸ் பையை வைத்து அதை அடக்குவதுண்டு. அது அவர்கள் கை வேலை.)

பலகையில் கட்டிய சீல்

இதுவரை படித்ததில் எல்லாம் பொருந்தி வந்தது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்த எண்களை எப்படி எடுத்தார்கள் என்ற கதை.

முங்கும் உயிரினத்தின் நாடி குறைகிறது என்பதை 1870-இல் பால் பெர் என்ற பிரெஞ்சுக்காரர் வாத்தை வைத்துச் சொல்லிவிட்டார். அறுவடை முடிந்த வயலில் பத்தி வரும் வாத்துக்கூட்டம் நமக்குப் புதிதல்ல. ஒன்றைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கி நெஞ்சில் கைவைத்துப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் 1930-களில் அமெரிக்காவில் லாரன்ஸ் இர்விங், அவரோடு நார்வேயில் வளர்ந்த பெர் ஸ்கொலாண்டர். ஸ்கொலாண்டர் 1940-இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறைக்கே அஸ்திவாரம். மடை அடைப்பு, தசைக்குள் அமிலம் சிறைப்படுவது எல்லாம் அவர் கண்டது. எப்படிக் கண்டார்? சீலை ஒரு பலகையில் வாரால் கட்டி, பலகையோடு தண்ணீருக்குள் இறக்கினார்கள். இறக்கியவுடன் நாடி தடாலென்று விழுந்தது. ஒவ்வொரு முறையும், ஸ்விட்சைப் போட்ட மாதிரி. இருபது வருஷத்துக்கும் மேலாக, சீல் முங்கினால் இதுதான் நடக்கும் என்று உலகம் நம்பியது.

பிறகு 1960-களில் ஜெரால்டு கூயிமன் என்ற இளைஞர் அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ வளைகுடாவுக்குப் போகிறார். கடல் உறைந்து மேலே பாறைபோலப் பனிக்கட்டி. அதில் ஒரு துளை போட்டு, வேறு எந்தத் துளையும் விரிசலும் எட்டாத தூரத்தில், வெட்டல் சீலைக் கொண்டுவந்து விட்டார். கட்டவில்லை. முதுகில் ஒரு சிறு கருவியை மட்டும் பொருத்தினார். ஆரம்பக் கருவியில் இருந்தது சமையலறையில் முட்டை வேகவைக்க வைக்கும் டைமர். அது சுழற்ற, புகைபடிந்த கண்ணாடியில் ஓர் ஊசி ஆழத்தைக் கீறிக்கொண்டே போகும். சீல் தன்பாட்டுக்கு இறங்கும், மீன் பிடிக்கும், திரும்பி வரும். அது வந்ததும் கருவியைக் கழற்றிக் கோட்டைப் படிப்பார்கள்.

கோடு சொன்ன கதை வேறு. பெரும்பாலான முங்கல்கள் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. பின்னால் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள்: அந்த அளவுக்குள் வந்துவிட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறுவதே இல்லை, கடனே வாங்குவதில்லை. இப்படி விட்ட சீலின் நாடியை அளந்தபோது அதுவும் கட்டிப்போட்டபோது விழுந்த மாதிரி விழவில்லை. குட்டி முங்கலுக்குக் கொஞ்சமாகக் குறைந்தது. நீண்ட நேரம் போகப்போகிற முங்கலுக்கு ஆரம்பத்திலேயே கூடுதலாகக் குறைந்தது. 1972-இல் வந்த ஆய்வில் இதைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் கீழே இருக்கப்போகிறோம் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்த மாதிரி! மேலே வரும்போதும் அப்படித்தான், மூக்கு காற்றில் படுவதற்கு முன்பே துடிப்பு ஏறத் தொடங்கிவிடுகிறது. ஸ்விட்ச் அல்ல, நீர்பாய்ச்சி. இருப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார்த்து மடையைத் திறந்து மூடும் ஆள். பலகையில் கட்டப்பட்ட சீலுக்கு எப்போது மேலே விடுவார்கள் என்று தெரியாது. தெரியாதபோது நீர்பாய்ச்சி என்ன செய்வார்? எல்லா மடையையும் இறுக்கிச் சாத்திவிட்டு உட்காருவார்.

ஸ்கொலாண்டர் எண்ணியது பொய்யில்லை. தானாக முங்கும் சாம்பல் சீலிலும் 4 துடிப்பை எண்ணியிருக்கிறார்கள், முன்பே சொன்னேன். ஆனால் அவர் அளந்ததில் முங்கல் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. பலகைக்கும் சேர்த்துத்தான் அந்த எண்.

எனக்குப் பதினோரு வயசில், அதே அம்மா ஊர்க் கிணற்றில், பெரியம்மா மகன் என் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தான். விளையாட்டுக்குத்தான். அதே கோடையில் நானாக முங்கி நாற்பது எண்ணும்வரை இருந்திருக்கிறேன், மேலே படியில் உட்கார்ந்து மாமா சத்தமாக எண்ணுவார். அண்ணன் அமுக்கியது பத்துகூட இருக்காது என்று அவன் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறான். இருக்கலாம். எனக்கு அது இன்னும் முடியவில்லை. பாசி வாடை, காதில் ஒரு 'ங்' சத்தம், மேலே பச்சையாக ஆடும் வெளிச்சம். அதே கிணறு, அதே தண்ணீர், அதே நெஞ்சுதான். மாமா வந்து அண்ணன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எப்ப வரலாம்னு ஒனக்குத் தெரிஞ்சா தம்மு நிக்கும். அவன் விட்டாத்தான் வரலாம்னா எங்கிட்டு நிக்கும்?" மாமா எட்டாவதைத் தாண்டவில்லை.

இருபத்துநான்கு மணி நேரம்

நான்காவது மாதம் டாக்டரிடம் என் நோட்டை நீட்டினேன், காலை மாலை எண்கள் எழுதியது. சீல் கதையைச் சொல்லவில்லை. பின்னால் நாற்பது டோக்கன் காத்திருந்தது. அவர் நோட்டைப் புரட்டிவிட்டு, சிலருக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே ஏறும், ஒரு நாள் முழுக்க அளந்துவிடலாம் என்றார். நியாயமான மனிதர். இதை நான் முதல் மாதமே கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியவில்லை.

அம்மா இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, கையில் பட்டை. பகலில் அரைமணிக்கு ஒரு தரம் 'புஸ்'ஸென்று இறுகும், தளரும். அந்தக் கையோடேயே கீரை ஆய்ந்தாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேசினாள், சீரியல் பார்த்தாள். இரவு தூங்கும்போதும் அது இறுகித் தளர்ந்தது. முதல் இரண்டு முறை "மீனாட்சி" என்றாள், அப்புறம் பழகிவிட்டது. நான் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மெக்மர்டோவில் துளைக்குப் பக்கத்தில் காத்திருக்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வந்த தாளில் பகல் சராசரி 136, தூக்கத்தில் 118. ஒரே ஒரு இடத்தில் 171. நேரத்தைப் பார்த்தால், பெட்டியைக் கழற்ற ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து டோக்கன் வாங்கிய நேரம். டாக்டர் மாத்திரையை நிறுத்தவில்லை, கூட்டவுமில்லை. உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். பலகையில் கட்டியது, பிறகு கட்டாமல் விட்டது, முதுகில் டைமர், உன் இடுப்பில் பெட்டி என்று எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கோத்து, எனக்கே பெருமையாக இருந்தது. அம்மா பொறுமையாகக் கேட்டாள். காளவாசல் சிக்னலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அவுத்து விட்டாங்கன்னா அது கடலோட போயிருக்கும்ல? முதுகுல கட்டுன மெஷினை எப்படிய்யா திரும்ப எடுத்தாங்க?"

"மூச்சு வாங்க அந்தத் துளைக்குத்தாம்மா வரணும். சுத்தி வேற துளையே கெடையாது. அப்படி எடமாப் பாத்துத்தான் விட்டாங்க."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பட்டை இருந்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அதையும் கட்டித்தான் போட்டிருக்காங்க" என்றாள். சிக்னல் விழுந்தது.